மேசை மீது ஒரு வைகறை

இன்று வைகறையில் நீங்கள் எவ்வாறு கண்விழித்தீர்கள்? தலையணைக்கு அருகில் கிடந்த கைபேசி அலறியதா? இல்லத்தரசி மூன்றாம் முறையாகக் குரல் கொடுத்தாரா? அல்லது பாங்கொலி செவியில் விழுந்ததும் விழிகள் தாமாகவே திறந்துகொண்டனவா? மூன்றாம் வகையினர் என்றால் நீங்கள் பேறு பெற்றவர். தாராளமாக அடுத்த பக்கத்திற்குச் செல்லலாம். முதல் இரு வகையினருக்கும், அவர்களைவிட முக்கியமாகப் பிள்ளைகளை எழுப்பும் கடமை உடையவர்களுக்கும் சொல்ல வேண்டியவை சில என்னிடம் உண்டு. அவற்றை என் பிழை ஒன்றிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் பணியாற்றும் மதரஸாவில் முப்பத்திரண்டு மாணவர்கள் தங்கி ஓதுகின்றனர். ஒன்பது வயதுச் சிறுவனும் உண்டு. மீசை அரும்பிய பதினாறு வயதினனும் உண்டு. வாரத்தில் நான்கு நாள்கள் அவர்களை ஸுப்ஹுத் தொழுகைக்கு எழுப்பும் பொறுப்பு என்னுடையது. பதினேழு ஆண்டுகளாக அதனை ஒரே முறையில்தான் செய்து வந்தேன். கூடத்தின் குழல்விளக்குகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் போடுவேன். கையிலுள்ள பிரம்பால் இரும்புக் கட்டில்களின் கால்களைத் தட்டிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பேன். பிள்ளைகள் மீது பிரம்பு பட்டதில்லை. ஆகவே நான் கடுமையானவன் அல்லன் என்றே நம்பியிருந்தேன். என் உஸ்தாது என்னை எழுப்பிய முறையும் அதுவேதான்.

சென்ற ஆண்டு ஷவ்வால் மாதம், விடுமுறை முடிந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட நாளில், ஒரு தாயார் வாயிற்படியிலேயே தயங்கி நின்றார். “ஹஜ்ரத், தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ள வீட்ல இருக்கும்போதும் பாங்கு சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்கிறான். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. யாரோ கட்டில அடிக்கிற மாதிரி இருக்குன்னு சொல்றான்” என்றார். அந்தப் பிள்ளைக்குப் பதினோரு வயது. நல்ல குரல், நல்ல மனனசக்தி. பாங்கொலி ஒரு முஸ்லிம் பிள்ளையின் உள்ளத்தில் எத்தகைய உணர்வை ஊட்ட வேண்டும்! அவனுள்ளே அது இரும்பின் ஓசையோடு பிணைந்து கிடந்தது. அந்த முடிச்சைப் போட்டவன் நான்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உறக்கத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

உறங்கும் உடலுக்குள் ஒரு கடிகாரம்

நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, நெல்மணியிலும் சிறிய ஒரு நரம்புக் கூட்டம் இருக்கிறது. உடலின் இருபத்து நான்கு மணி நேர ஓட்டத்தை நடத்தும் கடிகாரம் அதுவே. உயிரணுக்களுக்குள் இக்கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு ஆராய்ந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தக் கடிகாரத்திற்கு நாள்தோறும் சாவி கொடுப்பது ஒளி. கண்ணின் விழித்திரையில் உருவங்களைக் காண்பதற்கென்று இல்லாமல், ‘ஒளி இருக்கிறதா, இல்லையா’ என்பதை மட்டும் மூளைக்குச் சொல்லும் தனி வகை நரம்பணுக்கள் உள்ளன என்பது 2002ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. காலை வானின் நீலம் கலந்த ஒளிக்கு அவை மிகுதியாக இசைகின்றன.

மாலை இருள் கவிந்த பின் மெலடோனின் என்னும் சுரப்பு இரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏரன் லெர்னர் 1958ஆம் ஆண்டில் இதனைப் பிரித்தெடுத்தார். இரவு வந்துவிட்டது என்று உடல் முழுமைக்கும் அறிவிக்கும் தூதுவன் இது. பின்னிரவில் உடலின் வெப்பம் மிகக் குறைந்த நிலையைத் தொட்டு மீண்டும் ஏறுகிறது. வழக்கமாக எழும் நேரத்திற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு அந்தத் திருப்பம் நிகழ்கிறது. விழிப்பை நோக்கிக் கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்பு உயர்ந்துகொண்டே வருகிறது. மொத்தத்தில், விழிப்பு என்பது ஒரு நொடியில் நிகழும் செயலன்று. உடல் அதற்காக வெகுநேரமாகவே ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறது.

நாம் செய்வது என்ன? அந்த ஆயத்தம் முடியும் முன்னரே, ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் புகுந்து, மனிதனை வெளியே இழுத்துப் போடுகிறோம். அப்படி எழுந்தவருக்குத் தலை கனக்கும், நா குழறும், வைத்த பொருள் வைத்த இடத்தில் தெரியாது. இதனை ஆங்கில மருத்துவர்கள் உறக்கத்தின் மந்தம் என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். பெரும்பாலும் கால் மணி முதல் அரை மணி வரை நீடிக்கும். உறக்கம் போதாதவருக்கு அதனினும் மிகுதி. ஸுப்ஹுத் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று தெரியாமல் திணறும் பிள்ளையை அலட்சியக்காரன் என்று கடிந்துகொண்டிருக்கிறேனே! அவன் நின்றுகொண்டே பாதி உறக்கத்தில் இருந்திருக்கிறான்.

கழியும் மணியும் நகராவும்

மனிதனை எழுப்புவதற்கு மனிதன் கையாண்ட வழிகள் வேடிக்கையானவை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் வாழ்ந்த கடிகாரத் தொழிலாளி லெவி ஹட்சின்ஸ் 1787ஆம் ஆண்டில் தமக்கென ஒரு மணிக்கடிகாரம் செய்துகொண்டார். அது காலை நான்கு மணிக்கு மட்டுமே அடிக்கும். வேறு நேரத்திற்கு மாற்ற இயலாது. நம் மதரஸாக்களுக்குப் பொருத்தமான கருவி! பிரிட்டனின் ஆலை நகரங்களில் நீண்ட கழியால் தொழிலாளர் வீட்டுச் சன்னலைத் தட்டி எழுப்புவதையே தொழிலாகக் கொண்டோர் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தனர்.

நம் ஊர்களின் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். ரமளான் இரவுகளில் ஸஹருக்கு எழுப்பத் தப்ஸ் கொட்டிப் பாடி வரும் பக்கீர்சாமார்களைக் கேட்ட தலைமுறையினர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அடுத்த தெருவில் மெல்லியதாய்த் தொடங்கும் ஓசை, தெருமுனையில் சற்றே உரத்து, வீட்டுவாசலை நெருங்கும்போது முழுமையாக ஒலித்து, பிறகு தேய்ந்து மறையும். யாரும் திடுக்கிட்டு எழுந்ததில்லை. நான் சிறுவனாயிருந்தபோது அந்த ஓசை கனவுக்குள் வந்து, கனவையே நடத்திச் சென்று, விழிப்பில் கொண்டுவந்து விட்டதை நினைவுகூர்கிறேன். படிப்படியாக எழுப்புதல் என்னும் தத்துவத்தை விற்பனைக்கு வைத்திருக்கும் இன்றைய நிறுவனங்களுக்கு அந்தப் பாவாக்கள் முன்னோடிகள் என்றே சொல்வேன்.

இப்போது விளக்கிற்கு வருகிறேன். வட ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலப் பகல் மிகக் குறுகியது. லண்டன் மாநகரில் டிசம்பர் மாதத்தின் கடைசி வாரங்களில் சூரியன் எழுவது காலை எட்டு மணிக்கு மேல். மறைவது மாலை நான்கு மணிக்கு முன்பே. அங்குள்ளோர் வேலைக்குப் புறப்படுவது நள்ளிரவில் புறப்படுவது போன்றது. குளிர்காலந்தோறும் பலரை ஆட்கொள்ளும் மனச்சோர்வுக்கு 1984ஆம் ஆண்டில் நார்மன் ரோசந்தால் என்னும் மனநல மருத்துவரும் அவர்தம் குழுவினரும் பெயரிட்டு விளக்கினர். ஒளியே அதற்கு மருந்தாகவும் ஆராயப்பட்டது. உறங்குபவரின் அறையில் செயற்கையாக ஒரு விடியலை உண்டாக்கினால் என்ன என்ற ஆய்வும் அதனோடு கிளைத்தது. 1993ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிறுவனம் (இன்று லூமி என்று பெயர்) ‘பாடிகிளாக்’ என்னும் விடியல் விளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் பிலிப்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின.

இதன் இயக்கம் எளிமையானது. எழ வேண்டிய நேரத்திற்கு அரை மணி முன்னதாக விளக்கு மிக மங்கலான செந்நிறத்தில் ஒளிரத் தொடங்கும். பின்னர் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள் கலந்த வெண்மை என மெல்ல மெல்ல ஏறும். மூடிய இமை ஒளியை முழுவதும் தடுத்துவிடுவதில்லை; சிறு பகுதி ஊடுருவும், அதிலும் செந்நிறமே எளிதில் ஊடுருவும். குறித்த நேரம் வரும்போது விளக்கு முழு ஒளியுடன் நிற்கும். அப்போதும் எழாதவருக்காகப் பறவைக் குரலோ வானொலியோ மெல்ல ஒலிக்கும்.

இரண்டு விடியல்களும் மூன்றாவது ஒன்றும்

நாம் ஓதிய ஃபிக்ஹு நூல்களில் விடியல் இரண்டு வகை என்று படித்திருக்கிறோம். கீழ்வானில் ஓநாயின் வாலைப் போலச் செங்குத்தாக எழும் வெளிச்சம் ஃபஜ்ருல் காதிப், பொய்யான வைகறை. அடிவானின் நெடுகப் பரவும் வெளிச்சம் ஃபஜ்ருஸ் ஸாதிக், மெய்யான வைகறை. முன்னது, கோள்கள் சுற்றிவரும் தளத்தில் மிதக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது என்று வானியலார் கூறுவர். ஸஹர் உணவு நிறுத்தப்படுவதும் தொழுகை நேரம் தொடங்குவதும் பின்னதைக் கொண்டே. என் மைத்துனர் லண்டனிலிருந்து இந்த விளக்கைக் கொண்டுவந்து கொடுத்து, முதல் நாள் அது செந்நிறமாய் எரிந்தபோது, என் இளைய மகன் போர்வைக்குள்ளிருந்து, “வாப்பா, இது பொய் ஃபஜ்ரா, மெய் ஃபஜ்ரா?” என்றான். நான் சிரித்தேன். ஆயினும் கேள்வி சரியானதே. விளக்கு நம்மை எழுப்பலாம். நேரத்தை அறிவிக்க வேண்டியது வானமும் பள்ளிவாசலின் நேர அட்டையும்தான்.

இங்கே நமக்கும் மேலைநாட்டாருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் ஏழு மணி அலுவலகத்திற்காக இந்த விளக்கை வாங்குகின்றனர். நமக்கோ அந்தத் தேவை ஆண்டு முழுவதும், சூரியன் மிகுந்துள்ள நாட்டிலும் உண்டு. சென்னையில் சூரிய உதயம் மே மாத இறுதியில் ஏறத்தாழ 5.42க்கும், ஜனவரி மாதக் கடைசியில் ஏறத்தாழ 6.36க்கும் நிகழ்கிறது. ஸுப்ஹுடைய நேரம் அதற்கு ஒன்றேகால் மணி அளவு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவே நாம் எழுவது எப்போதும் இருளில். உடல் எதிர்பார்க்கும் ஒளிச் சைகை வருவதற்கு முன்னரே கடமை வந்துவிடுகிறது. இருளில் எழுவதன் சிறப்பும் கூலியும் வேறு. நான் சொல்வது உடலின் கணக்கு.

வாங்க விரும்புவோர் கவனிக்க

மூன்று மாதங்கள் வீட்டில் பயன்படுத்திய பின்னரே இதனை எழுதுகிறேன். விளம்பரங்களில் காணாத சில சங்கடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் சங்கடம் மின்தடை. இரண்டாம் நாள் இரவே மின்சாரம் நின்றது. காலையில் விளக்கு பன்னிரண்டு மணி என்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. வீடு முழுவதும் ஜமாஅத்தைத் தவறவிட்டது. உள்ளே சிறு மின்கலம் வைக்கும் வசதியுள்ள விளக்கையே தேர்ந்தெடுங்கள். அந்த மின்கலமும் நேரத்தை நினைவில் வைத்திருக்குமேயன்றி விளக்கை எரிக்காது. விளக்கு எரிய வேண்டுமானால் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் பொருத்த வேண்டும். மேலும், கைபேசியிலும் ஓர் அலாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதே நமக்குச் சொல்லப்பட்ட முறை.

வெளிநாட்டு உறவினர் மூலம் தருவிப்போர், அடிப்புறத்தில் ஒட்டியுள்ள தாளில் எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனின் மின்னழுத்தம் நம்முடையதை ஒத்தது. சதுர முளைகள் கொண்ட பிளக்கிற்கு மாற்றி ஒன்று போதும். அமெரிக்காவினது 120 வோல்ட். 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் அச்சமில்லை; 120 என்று மட்டும் இருந்தால் நேரடியாகச் செருகிய அன்றே விளக்கின் ஆயுள் முடிந்தது.

ஒளியின் அளவை லக்ஸ் என்னும் அலகால் குறிக்கின்றனர். தலைமாட்டில் அரை மீட்டர் தொலைவில் 200 முதல் 300 லக்ஸ் வரை தரக்கூடிய விளக்கே பயனுடையது. இரவில் நன்கு விளக்கேற்றிய கூடத்தின் வெளிச்சம் என்று இதனைக் கொள்ளலாம். மலிவான சில விளக்குகள் வண்ணங்களை வாரி இறைக்கின்றன. பச்சையும் ஊதாவும் மாறிமாறி எரிகின்றன. முழு ஒளியில் வைத்தாலும் மெழுகுவத்திக்கு மேல் தேறுவதில்லை. அவை பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள். வண்ணங்களின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். ஒளியின் அளவைக் கேளுங்கள். படிப்படியாக ஏறும் கால அளவை இருபது முதல் நாற்பது நிமிடம் வரை மாற்றிக்கொள்ளும் வசதியும் தேவை. என் மகளுக்கு இருபது நிமிடம் போதும். எனக்கு நாற்பதும் போதவில்லை.

மற்றொன்று. கடிகாரத்தின் எண்கள் இரவெல்லாம் பளிச்சென்று எரிந்தால் பயனில்லை. அவற்றை மங்கச் செய்யவோ அணைக்கவோ இயல வேண்டும். உறங்கும் அறை இருட்டாக இருக்க வேண்டும் என்பது உறக்க மருத்துவர்கள் அனைவரும் கூறுவது. இரவில் படுக்கும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸ் நாமெல்லாம் அறிந்ததே. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்பதே அங்குச் சொல்லப்பட்ட காரணம். அதன்மேல் மெலடோனினை ஏற்றி வைத்துப் பேச நான் விரும்பவில்லை. சொல்லப்பட்ட காரணமே போதுமான அறிவுடையது. ஆயினும் அந்த ஒழுக்கத்தைப் பேணிய வீடுகளில் நல்ல உறக்கமும் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் தவறில்லை.

விளக்கை எங்கே வைப்பது? முகம் திரும்பியிருக்கும் பக்கத்தில், கண் மட்டத்திற்குச் சற்று மேலே. வலப்புறம் ஒருக்களித்துப் படுக்கும் பழக்கமுடையோர் வலப்புறமே வைக்கலாம். கொசுவலைக்கு வெளியே வைத்தால் ஒளி ஓரளவு குறையும்; அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். பாயில் படுப்போர் உயரமான மேசையில் வைத்தால் ஒளி தலைக்கு மேலே போய்விடும். ஒரு முக்காலி போதுமானது. அறையில் ஒரு கைக்குழந்தை இருந்தால் யோசியுங்கள். எங்கள் வீட்டிற்கு வந்திருந்த தங்கையின் ஒரு வயதுக் குழந்தை, விளக்கு ஏறத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து கைதட்டியது. அந்த வாரம் முழுவதும் விளக்கு அலமாரிக்குள் இருந்தது.

தொழுகை நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகர்வதால், விளக்கை ஒரு முறை வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. பத்து நாள்களுக்கு ஒரு முறை நேர அட்டையைப் பார்த்துத் திருத்த வேண்டும். பெரும்பாலான விளக்குகளில் நாம் வைக்கும் நேரம் ஒளி முழுமையடையும் நேரமாகும், தொடங்கும் நேரமன்று. இதனைப் புரிந்துகொள்ளாமல் முதல் நாள் என் துணைவியாரை மூன்றே முக்காலுக்கே எழுப்பிவிட்டேன். தஹஜ்ஜுத் தொழ வாய்த்தது என்று அவர் பெருந்தன்மையுடன் சொன்னார்.

விழித்திரை நோய் உள்ளவர்கள், ஒளி பட்டால் கண் கூசும் மருந்துகளை உண்பவர்கள், மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் நோயுடையவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதனை வாங்க வேண்டாம்.

விளக்கு தர இயலாதது

விற்பவர் சொல்லாத உண்மை ஒன்று உண்டு. இந்த விளக்கு உறக்கத்தின் முடிவை மென்மையாக்கும். உறக்கத்தின் அளவைக் கூட்டித் தராது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேர உறக்கம் வேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். இதில் பகலுறக்கமும் அடங்கும். என் மாணவர்கள் இரவு பத்தேகாலுக்குப் படுத்து நான்கரைக்கு எழுந்துகொண்டிருந்தனர். ஆறேகால் மணி நேரம்! கணக்குப் போட்டுப் பார்த்த அன்று என்னால் பேச முடியவில்லை. கட்டிலைத் தட்டாமல் அவர்களை எழுப்ப முடியாததில் என்ன வியப்பு?

மேலும், பூப்பெய்தும் வயதில் பிள்ளைகளின் உடற்கடிகாரம் இயல்பாகவே பின்தங்கி ஓடுகிறது. இரவில் உறக்கம் தாமதமாக வருகிறது. காலையில் விழிப்பும் தாமதமாகிறது. இது சோம்பலன்று, அந்த வயதின் இயற்கை. இதனைத் திருத்தும் கருவியும் ஒளியே. பின்னிரவின் இறுதியிலும் காலையிலும் படும் ஒளி கடிகாரத்தை முன்னே தள்ளும். இரவில் படும் ஒளி பின்னே இழுக்கும். ஸுப்ஹுக்குப் பின் பிள்ளைகளை முற்றத்தில் உட்கார்த்தி ஓதவைத்தால் சூரியன் எழும்போது கிடைக்கும் ஒளிக்கு முன் எந்த விளக்கும் நில்லாது. அதுபோல, விளக்கிற்குச் செலவழித்துவிட்டு இரவு பதினொரு மணிவரை கைபேசித் திரையை முகத்தருகே பிடித்திருப்பவர், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்பவரே. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சு பேசுவதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்னும் செய்தியை நான் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். மதரஸாவில் இஷாவுக்குப் பின் இரண்டு மணி நேரம் பாடம் வைத்திருந்ததும் நாங்களேதான்.

நிர்வாகத்தாரிடம் பேசினேன். எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. “நாங்களெல்லாம் இப்படி வளரவில்லையா?” என்றார் ஒரு பெரியவர். கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்ததை அவருக்கு நினைவூட்டினேன். இரவெல்லாம் பயணம் செய்து களைத்த படையினர் உறங்க, விடியலைக் கவனிக்கும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்கள் ஏற்றார்கள். ஒட்டகத்தின் மீது சாய்ந்திருந்த அவர்களையும் உறக்கம் மிகைத்துவிட்டது. வெயில் சுட்ட பின்னரே அனைவரும் விழித்தனர். தங்களை ஆட்கொண்டதே தம்மையும் ஆட்கொண்டது என்று பிலால் (ரலி) கூறியபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. சற்று நகர்ந்து சென்று, உளூச் செய்து, தொழவைத்தார்கள். பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “சரி, ஒரு மாதம் பாருங்கள்” என்றார்.

முப்பத்திரண்டு பேர் படுக்கும் கூடத்திற்கு மேசை விளக்கு பயன்படாது. ஆகவே எங்கள் மின்பணியாளர் வேறு வழி செய்தார். ஒளியைக் கூட்டிக் குறைக்க இசையும் மஞ்சள் நிற எல்.இ.டி. பல்புகள் ஆறனைச் சுவரை நோக்கி ஒளி விழுமாறு பொருத்தி, அனைத்தையும் ஒரே டிம்மருடன் இணைத்தார்; மின்விசிறியின் ரெகுலேட்டரைப் போன்றதுதான். (சாதாரண எல்.இ.டி. பல்புகளை இதில் போடாதீர்கள்; படபடவென்று துடிக்கும். டிம்மருக்கு ஏற்றது என்று உறையில் அச்சிட்டிருக்க வேண்டும்.) நான்கு மணி பத்து நிமிடத்திற்கு நான் சென்று ஒரு கோடு திருப்புவேன். மூன்று நிமிடத்திற்கு ஒரு கோடு. இடைநேரத்தில் நாற்காலியில் அமர்ந்து மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருப்பேன். பாடம் ஒன்பது மணியோடு நிறுத்தப்பட்டது. ளுஹருக்குப் பின் முக்கால் மணி நேரம் கைலூலா கட்டாயமாக்கப்பட்டது. பிரம்பு அலமாரியின் மேல் கிடக்கிறது.

அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஒளி முழுமையடையும் முன்பே தாமாக எழுந்துவிடுகின்றனர். பாதிப்பேருக்குப் பெயர் சொல்லி ஒரு முறை அழைத்தால் போதும். பதினைந்து, பதினாறு வயதினர் நால்வரை இன்றும் தோளைத் தொட்டு இரண்டு முறை எழுப்ப வேண்டியிருக்கிறது. சூரியனையே இறக்கி வைத்தாலும் அவர்கள் எழமாட்டார்கள். காலைப் பாடத்தில் தூங்கி விழுவோர் குறைந்திருக்கின்றனர். அதில் விளக்கின் பங்கு எவ்வளவு, முன்னதாகப் படுப்பதன் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பெரும் பங்கு பின்னதற்கே என்பேன்.

அந்தப் பதினோரு வயதுப் பிள்ளை முதல் சில வாரங்கள் முதல் கோட்டிலேயே கண்விழித்து, அசையாமல் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். பிரம்பு எங்கே என்று தேடினானோ என்னவோ. நான் பார்க்காதவன் போல் ஓதிக்கொண்டிருப்பேன். பிறகு ஒரு நாள் டிம்மரைத் தானே திருப்புவதாகக் கேட்டான். அதற்கு மற்றவர்களைவிட அரை மணி முன்னதாக எழ வேண்டும் என்பதால் மறுத்துவிட்டேன்.

சென்ற மாதம் அவன் ஊருக்குச் சென்று வந்த பின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். “இந்தத் தடவ தூக்கிவாரிப் போடல ஹஜ்ரத். ஆனா லைட்டப் போட்டா, ‘ம்மா, மெதுவாப் போடு’ங்கிறான். எங்க வீட்டு சுவிட்ச்ல மெதுவாப் போட முடியாதே, என்ன செய்யிறது?” என்றார். டிம்மரின் பெயரையும், எந்தப் பல்பு வாங்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, அவர் கணவர் அடுத்த முறை வரும்போது கொடுப்பதற்காக வைத்திருக்கிறேன்.